நீரை ஆள்வோம், கொசுவை அடக்குவோம்

காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதிக்குச் செல்லும் இருப்புப்பாதை நம்மில் பலருக்கும் பழக்கமானது. பிழைப்பின் பொருட்டு டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நாம், விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, குழந்தைக்கு முடியிறக்கும் வேண்டுதலை நிறைவேற்றுவதற்கென்று இவ்வழியே ஏழுமலையானைத் தரிசிக்கச் செல்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மழை நன்கு பெய்த ஆண்டில் பாதையின் இருமருங்கும் தோன்றும் காட்சி கண்ணுக்கு விருந்தாக இருக்கும். குன்றின் அடிவாரத்தில் ஏரி, ஏரிக்கரைக்குக் கீழே நாற்று நட்ட வயல், வரப்பின் மீது அசையாது நிற்கும் கொக்கு, சற்றுத் தொலைவில் மேயும் மாடுகள் என்று அக்காட்சி விரியும்.

இவற்றுள் பெரும்பாலான நீர்நிலைகள் இயற்கை தானே அமைத்தவை அல்ல. ஏரிக்குக் கரை கட்டியவன் மனிதன். மதகு வைத்தவனும் வாய்க்கால் வெட்டியவனும் வயலுக்கு வரப்புப் போட்டு நீரை நிறுத்தியவனும் அவனே. மனிதன் தன் நலத்துக்காகக் கட்டிக்காத்த இந்த நீர் அவனுக்கே நோயும் தருமோ என்று கேட்டால், தரும் என்பதை இதே வட்டாரம் ஒரு காலத்தில் மிகுந்த துயரத்துடன் அறிந்தது. ஆயினும் நோயைத் தடுக்கும் வழியும் அந்த நீரை ஆளும் முறையிலேயே பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1955-ஆம் ஆண்டின் அனுபவம்

1953-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர ராஜ்யம் உருவானபோது சித்தூர் மாவட்டம் அதில் சேர்ந்தது. தெற்கே இருந்த வட ஆர்க்காடு மாவட்டம் சென்னை ராஜ்யத்தில் நின்றது. எல்லை புதியதாயினும் இருபுறமும் ஒரே வகை ஏரிப்பாசனம், ஒரே மழைக்காலம், ஒரே விதமான கிராம வாழ்க்கை. சித்தூருக்கும் வேலூருக்கும் இடையே உள்ள தொலைவு சுமார் 35 கிலோமீட்டர்தான். திருப்பதி அந்நாளில் சித்தூர் மாவட்டத்தின் ஒரு பகுதி. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் முதற்கொண்டே அது தனி மாவட்டமாயிற்று.

1955-ஆம் ஆண்டில் இப்பகுதிக் குழந்தைகளிடையே ஒரு கொடிய காய்ச்சல் காணப்பட்டது. கடும் சுரம், தலைவலி, வாந்தி என்று தொடங்கி, வலிப்பும் நினைவிழத்தலும் தொடர்ந்தன. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் இந்நோயை ஆராய்ந்தனர். 1952-ஆம் ஆண்டில் புனே நகரில் நிறுவப்பட்டிருந்த வைரஸ் ஆராய்ச்சி மையமும் இந்த ஆராய்ச்சியில் பங்கு கொண்டது. இரத்தப் பரிசோதனைகளின் முடிவில் அது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று தெரிந்தது. இந்தியாவில் மனிதரிடையே இந்நோய் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது வட ஆர்க்காட்டிலும் அதை அடுத்த ஆந்திரப் பகுதிகளிலும்தான். ஜப்பான் நாட்டில் முதலில் ஆராயப்பட்டமையால் நோய்க்கு அப்பெயர் வந்ததேயன்றி, ஜப்பானியர் எவரும் அதை நம் ஊருக்குக் கொண்டுவந்தார் என்பது பொருளன்று.

இந்த வைரஸ் உடலில் புகுந்தவர் அனைவரும் நோயுறுவதில்லை. சுமார் 250 பேரில் ஒருவருக்கே கடுமையான நோய் உண்டாகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஆனால் அந்த ஒருவர் பெரும்பாலும் குழந்தை. மூளைக்காய்ச்சல் கண்டவருள் நூற்றுக்கு 30 பேர் வரை இறக்கக்கூடும். பிழைத்தவருள்ளும் நூற்றுக்கு 30 முதல் 50 பேர் வரை கைகால் விளங்காமை, பேச்சுத் தடை, அறிவு மந்தம், வலிப்பு முதலிய குறைகளை ஆயுள் முழுவதும் சுமக்க நேரிடுகிறது. நோயை நேரே அழிக்கும் மருந்து இன்றுவரை கிடையாது. ஆகவே வருமுன் காப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கொக்கு, பன்றி, கொசு, குழந்தை

நோய் பரவும் விதத்தை அறிந்தால்தான் தடுக்கும் விதம் விளங்கும். கொக்கு, மடையான் போன்ற நீர்ப்பறவைகளின் உடலில் இந்த வைரஸ் தங்கி வாழ்கிறது. அப்பறவைகளுக்கு அதனால் துன்பமில்லை. பறவையைக் கடித்த கொசு பன்றியைக் கடிக்கும்போது, பன்றியின் இரத்தத்தில் வைரஸ் பன்மடங்கு பெருகுகிறது. பன்றியும் பெரும்பாலும் நோயின்றியே திரிகிறது. அதைக் கடித்த கொசுக்கள் பிற்பாடு மனிதனைக் கடித்தால், அவனுக்கு நோய் வருகிறது. மனிதனுடைய இரத்தத்தில் வைரஸ் மிகச் சிறிதளவே உள்ளமையால், நோயாளியைக் கடித்த கொசு மற்றொருவருக்கு நோயைக் கொண்டு செல்வதில்லை. ஆகையால் நோயுற்ற குழந்தையை ஒதுக்கி வைப்பதில் பயன் ஏதுமில்லை. வயலையும் கொசுவையும் பன்றியையும் கவனிப்பதே பயன் தரும்.

இந்நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் இனக் கொசுக்கள் நெல்வயலின் பிள்ளைகள் என்றே சொல்லலாம். வைரஸை இந்தியாவில் முதன்முதலில் தாங்கியவையாக வேலூர்ப் பகுதியில் பிடிக்கப்பட்ட கியூலெக்ஸ் விஷ்ணுய் என்னும் கொசுக்களும் அதே கூட்டத்தைச் சேர்ந்தவை. நாற்று நட்ட முதற்சில வாரங்களில், பயிர் இன்னும் குட்டையாக இருந்து வெயில் நீர்மேல் படும் காலத்தில், இவை மிகுதியாகப் பெருகுகின்றன. பயிர் உயர்ந்து நிழல் மூடியபின் குறைகின்றன. அந்திவேளையிலும் இரவிலும், பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே, இவை கடிக்கும். மாட்டின் இரத்தத்தையே இவை அதிகம் நாடுகின்றன என்பது ஓர் ஆறுதல். மாட்டின் உடலிலும் இந்த வைரஸ் பெருகுவதில்லை. பால்மாடுகள் நிறைந்த சித்தூர்ப் பிரதேசத்தில், மாடு தன்னை அறியாமலேயே குழந்தைக்குக் காவல் நிற்கிறது எனலாம். ஆயினும் கொசு அளவுக்கு மீறிப் பெருகிவிட்டால் இக்காவலும் போதாது.

ஒரு வாரக் கணக்கு

பெண்கொசு நீரின்மேல் முட்டையிடுகிறது. கியூலெக்ஸ் கொசு நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளைச் சிறு தெப்பம்போல ஒட்டி மிதக்கவிடும். ஓரிரு நாளில் புழு வெளிவருகிறது. அது நீருக்குள் வாழ்ந்தாலும், வாலின் அருகே உள்ள குழாயை நீர்மட்டத்துக்கு மேலே நீட்டியே மூச்சுவிட வேண்டும். நான்கு முறை தோல் உரித்து வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, இரண்டு நாளுக்குப் பிறகு கொசுவாகப் பறந்துவிடுகிறது. நம் நாட்டு வெப்பத்தில் முட்டை முதல் கொசு வரை ஏழிலிருந்து பத்து நாள் ஆகும்.

இக்கணக்கிலிருந்து மூன்று உண்மைகள் புலப்படுகின்றன. முதலாவது, அந்த ஏழு நாளும் நீர் நிற்க வேண்டும். இடையில் உலர்ந்தால் புழு மடியும். இரண்டாவது, நீர்மட்டம் அலையின்றி அமைதியாக இருக்க வேண்டும். காற்றும் ஓட்டமும் உள்ள இடத்தில் புழு மூச்சுவிடத் திணறும். மூன்றாவது, மீனும் நீர்ப்பூச்சியும் எட்டாதபடி ஆழமற்ற ஓரமோ அடர்ந்த புல்லோ ஒளிவிடமாக வேண்டும். ஏரியின் நடுவே ஆழமான பரந்த நீரில் கொசுப்புழு அரிது. கரையோரக் கோரைப் புதரிலும், மாட்டுக் குளம்படியில் தேங்கிய நீரிலும், மதகுக்குக் கீழே கசிந்து நிற்கும் குட்டையிலும் அது நிறைய உண்டு. மனிதன் ஆளும் நீரில் இம்மூன்றையும் மாற்றும் அதிகாரம் மதகைத் திறந்து மூடும் கையிலேயே இருக்கிறது.

காய்ச்சலும் பாய்ச்சலும்

நெல் நீர்ப்பயிராயினும், இடைவிடாமல் நீர் நின்றாக வேண்டும் என்பதில்லை. கட்டிய நீர் வடிந்து, மண் ஈரம் குறைந்து, மயிரிழைபோல் வெடிக்கத் தொடங்கும் நேரத்தில் மறுபடி நீர் கட்டுவதை நம் உழவர் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்பர். நீரைச் சிக்கனப்படுத்துவதற்காக வேளாண்மைத் துறையினர் இன்று பரிந்துரைக்கும் இம்முறை, கொசுவைக் கட்டுப்படுத்துவதற்கும் மிகப் பொருத்தமானது. புழு கொசுவாகும் முன்னரே வயல் ஒருமுறை உலர்ந்துவிடுமானால், அந்த ஈட்டுப் புழுக்கள் முழுவதும் மடிகின்றன.

இது புதிய யோசனையன்று. மேட்டூர் அணை 1934-இல் முடிவுற்றபின், தஞ்சை மாவட்டத்தின் பட்டுக்கோட்டைப் பகுதியில் வானம் பார்த்த பூமியாக இருந்த நிலங்களுக்குக் கால்வாய்ப் பாசனம் கிடைத்தது. நீர் வந்த இடத்துக்கு மலேரியாவும் வந்தது. ராக்பெல்லர் நிறுவனத்தைச் சேர்ந்த பால் ரஸ்ஸல் என்ற அமெரிக்க அறிஞரும் அவருடன் பணிபுரிந்த இந்திய அறிஞர்களும் அங்கே ஆராய்ச்சி செய்து, நெல்வயல்களுக்கு விட்டுவிட்டு நீர் பாய்ச்சினால் கொசுப்புழு குறைகிறது என்பதைக் காட்டினர். அவ்வாராய்ச்சி 1942-இல் வெளியாயிற்று. பிற்காலத்தில் மதுரையில் இயங்கிய மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தினர், மூளைக்காய்ச்சல் கொசுவை முன்னிட்டு அதே திசையில் சோதனை நடத்தினர். வேப்பம் பிண்ணாக்குப் பூசிய யூரியாவையும் நீர் மேலாண்மையையும் சேர்த்துக் கையாண்டபோது வயலில் கொசுப்புழு குறைந்தது; விளைச்சலுக்கும் கேடு வரவில்லை. தழைச்சத்து உரம் மிகுந்த நீரைக் கொசு விரும்பி நாடும் என்பதையும் அவ்வகை ஆராய்ச்சிகள் உணர்த்தின.

எனினும் இதில் உள்ள இடர்ப்பாட்டையும் மறைக்கலாகாது. ஒருவர் வயல் உலர்ந்து அடுத்தவர் வயலில் நீர் நின்றால் பயன் சொற்பம். கொசு ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு மேலும் பறக்கக்கூடியது. ஆயக்கட்டு முழுவதும் ஒரே முறையில் காய்ந்து ஒரே முறையில் பாய வேண்டும். மேடுபள்ளமான வயலில் மேடு வெடித்தாலும் பள்ளத்தில் நீர் தங்கிவிடும். ஆகவே நிலத்தைச் சமப்படுத்துதல் முதல் வேலை. எல்லாவற்றுக்கும் மேலாக, இன்று நீரை வடியவிட்டால் மறுமுறை கிடைக்குமா என்று அஞ்சும் கடைமடை உழவரிடம் காய்ச்சலைப் பற்றிப் பேசிப் பயனில்லை. முறை தவறாமல் நீர் வரும் என்ற உறுதி இருந்தால்தான் அவர் துணிவார். கொசு ஒழிப்பு மருத்துவத் துறையினரால் மட்டும் ஆகாது, பாசனத் துறையினரும் உடன் நிற்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

ஏரியும் அணையும் ஆற்று மணலும்

பெரிய நீர்த்தேக்கங்களில் நீர்மட்டத்தை ஏற்றி இறக்குவது மற்றொரு வழி. அமெரிக்காவில் 1933-இல் அமைக்கப்பட்ட டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம், தன் அணைகளில் கொசுப் பருவத்தில் வாரந்தோறும் சுமார் ஓரடி அளவு நீர்மட்டத்தை ஏற்றி இறக்கியது. கரையோரப் புல்லில் ஒளிந்திருந்த புழுக்கள் நீர் இறங்கும்போது தரையில் தங்கி மடிந்தன. மற்றவை வெட்டவெளி நீருக்கு வந்து மீனுக்கு இரையாயின. கரையைச் செங்குத்தாக வெட்டுதல், புதர் களைதல் முதலிய பணிகளுடன் சேர்ந்து, அப்பள்ளத்தாக்கில் மலேரியா மறைவதற்கு இம்முறை பெரிதும் துணைசெய்தது. திருப்பதிக்கு நீர் வழங்கும் கல்யாணி அணை போன்ற சிறு தேக்கங்களில் குடிநீரே முதன்மை. விருப்பம்போல் நீரை இறக்க இயலாது. ஆயினும் கரையோரப் புதரைக் களைவதற்கும், அணைக்குக் கீழே கசிவு நீரை வடிகாலில் சேர்ப்பதற்கும் தடையில்லை.

நீர் மிகுவது மட்டுமே ஆபத்து என்று எண்ணுதலும் தவறு. 1934-ஆம் ஆண்டில் இலங்கையில் பருவமழை பொய்த்து, ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் சிறு குட்டைகளாக வற்றின. அக்குட்டைகளில் அனாபிலிஸ் கொசு பெருகி, 1934, 1935 ஆண்டுகளில் ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பலிகொண்ட மலேரியாக் கொள்ளைநோய் உண்டாயிற்று. ஆண்டின் பெரும்பகுதி மணல் தெரியக் கிடக்கும் சுவர்ணமுகியிலும், சித்தூரை ஒட்டி ஓடித் தமிழகத்தில் பொன்னையென வழங்கும் நீவா நதியிலும், மணல் அள்ளிய பள்ளங்களில் தேங்கும் நீரைக் குறித்து நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டியதன் நியாயம் இதுவே.

கோயில் குளங்களை முறைப்படி காப்பதிலும் இப்பாடம் அடங்கியுள்ளது. திருமலையில் சுவாமி புஷ்கரிணியை ஆண்டுக்கொரு முறை பிரம்மோற்சவத்துக்கு முன்பாக வடித்து, சேறு நீக்கிச் சுத்தம் செய்கின்றனர். படிக்கட்டுடன் செங்குத்தாகக் கட்டப்பட்டு, ஆழமும் மீனும் உள்ள தெப்பக்குளத்தில் கொசுவுக்கு இடம் குறைவு. கைவிடப்பட்டுப் பாசி படர்ந்து, குப்பை மிதக்கும் குளமே அதற்கு உகந்த இடம்.

கழிவுநீரும் செயற்கை ஈரநிலமும்

நகரம் வளர வளர வேறொரு நீர் பெருகுகிறது. அதுவே கழிவுநீர். யாத்ரீகர் கூட்டம் நாள்தோறும் வந்து செல்லும் திருப்பதி போன்ற ஊரில் அதன் அளவைச் சொல்ல வேண்டுவதில்லை. சாக்கடை நீரையே நாடும் மற்றொரு கியூலெக்ஸ் கொசு யானைக்கால் நோயைப் பரப்புகிறது. அந்நோயின் கிருமி கொசுவின் உடலில் வளர்வதைப் பாட்ரிக் மான்சன் 1877-இல் சீனத்தில் கண்டறிந்தார். யானைக்கால் நோயுள்ளவை என்று அரசாங்கம் குறித்த மாவட்டங்களில் சித்தூரும் ஒன்று. தேசிய யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியதும் 1955-இல்தான்.

கழிவுநீரை மின்சாரச் செலவு அதிகமின்றித் தெளிவிப்பதற்கு இக்காலத்தில் ‘செயற்கை ஈரநிலம்’ என்னும் முறையைப் பலர் கையாளுகின்றனர். கல்லூரி விடுதி, மருத்துவமனை, குடியிருப்பு வளாகம் முதலியவற்றுக்கு இது ஏற்றது. நாணல், சம்பு, கோரை முதலிய தாவரங்கள் வளரும் படுகையின் வழியே கழிவுநீர் மெல்லச் செல்கிறது. கசடு அடியில் படிகிறது. தண்டிலும் வேரிலும் கல்லிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைக்கின்றன. வெளிவரும் நீர் தோட்டத்துக்குப் பயன்படுகிறது. இதில் இரு வகை உண்டு. ஒன்றில் நீர் சரளைக்கற்களின் மேல்மட்டத்துக்குக் கீழேயே ஓடும். மேலே பார்த்தால் உலர்ந்த கல்தான் தெரியும். இங்கே கொசு முட்டையிட நீர்ப்பரப்பே இல்லை. சரளை அடைத்துக்கொண்டு நீர் மேலே பொங்காதவாறு பார்த்துக்கொண்டால் போதும். மற்றொன்றில் நீர் வெளியே தெரியும்படி குளம்போல நிற்கும். இவ்வகையில்தான் கவனம் மிகுதியாக வேண்டும்.

அத்தகைய குளத்தை அமைப்போர் கடைப்பிடிக்க வேண்டிய விதிகள் சில. வரும் கழிவின் கசட்டை முதலில் தொட்டியில் படியவிட வேண்டும்; அழுக்கு மிகுந்த நீரில் கொசு பெருகும், மீன் வாழாது. கரை சரிவாக இராமல் செங்குத்தாக இருக்க வேண்டும். நீர் தேங்கும் மூலைமுடுக்குகள் இருத்தலாகாது. தாவரம் குளம் முழுவதும் மூடிவிடாமல், பட்டைபட்டையாக நின்று, இடையிடையே ஒரு மீட்டருக்குக் குறையாத ஆழமுள்ள திறந்த நீர் இருக்க வேண்டும். அவ்வழியே மீன் புதருக்குள் சென்று திரும்பும். முதிர்ந்து சாய்ந்த கோரையைப் பருவந்தோறும் அறுத்து அகற்ற வேண்டும். தேவையானபோது நீரை முழுவதும் வடிக்க மதகு ஒன்றும் வைத்திருக்க வேண்டும். ஆகாயத்தாமரை முதலிய மிதக்கும் செடிகளை வளர்த்தால் நீர் தெளியும் என்று சிலர் கூறுவர். ஆனால் அவற்றின் வேரில் ஒட்டிக்கொண்டே மூச்சுவிடும் மான்சோனியா என்ற கொசு ஒன்று உண்டு. கேரளத்தின் சேர்த்தலைப் பகுதியில் யானைக்கால் நோயைப் பரப்பியது அதுவே.

ஈரநிலம் என்றாலே கொசு என்று அஞ்சுவோர்க்கு ஒரு நல்ல உதாரணம் கொல்கத்தாவின் கிழக்கே இருக்கிறது. ஏறத்தாழ 12,500 ஹெக்டேர் பரப்புள்ள அந்த ஈரநிலங்களில், நகரத்தின் கழிவுநீரைக் குளங்களில் விட்டு மீன் வளர்க்கின்றனர். வெயிலும் பாசியும் மீனும் சேர்ந்து நீரைத் தெளிவிக்கின்றன. 2002-இல் அது ராம்சார் ஒப்பந்தத்தின்கீழ் உலகச் சிறப்புடைய ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே கழிவுநீர் கேட்பாரற்றுக் கிடப்பதில்லை; குளத்தை அன்றாடம் கவனிக்கும் மீனவருடைய வாழ்வு அந்த நீரை நம்பியிருக்கிறது.

மீனும் மருந்தும்

மீன் என்றவுடன் கம்பூசியாவைச் சிலர் நினைப்பர். இத்தாலியிலிருந்து 1928-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இச்சிறு மீன் கொசுப்புழுவை நன்றாகத் தின்னும். ஆனால் நம் நாட்டுச் சிறுமீன்களையும் தவளைக் குஞ்சுகளையும் விட்டுவைப்பதில்லை. ஆகவே ஏரி, ஆறு முதலிய திறந்த நீர்நிலைகளில் அதை விடுதல் நன்றன்று. கிணறு, தொட்டி போன்ற மூடிய இடத்தில் விடலாம். அழுக்கு நீரைத் தாங்கும் கப்பி மீனையும் அவ்வாறே அளவறிந்து பயன்படுத்த வேண்டும். ஏரியிலும் வயலிலும் நம் முண்டக்கண்ணி முதலிய சொந்த மீன்கள் தாமாகவே அப்பணியைச் செய்யும். அவை வாழ இடம் விட்டால் போதும்.

பூச்சிமருந்து ஒன்றையே நம்புவது எத்தகைய முடிவைத் தரும் என்பதை நம் தேசம் அனுபவத்தில் அறியும். 1953-இல் தொடங்கிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் டி.டி.டி. தெளித்துப் பெருவெற்றி கண்டது. 1960-களின் நடுவில் ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் என்ற அளவுக்குக் குறைந்த மலேரியா நோயாளிகள், 1976-இல் 64 லட்சமாக உயர்ந்தனர். கொசு மருந்துக்குப் பழகியதும், வேலையில் தளர்ச்சி ஏற்பட்டதும் காரணங்கள். 1976-இல் இஸ்ரேல் நாட்டுப் பாலைவனத்தில் கண்டறியப்பட்ட ஒரு நுண்ணுயிர் கொசுப்புழுவின் குடலை அழிக்கிறது. மனிதருக்கும் மீனுக்கும் கேடு செய்வதில்லை. அதைத் தேங்கிய நீரில் தெளிப்பது நல்ல துணைதான். ஆனால் நீரை ஆளாமல் மருந்தை மட்டும் தெளிப்பது, ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதற்கு ஒப்பாகும்.

நாம் செய்யக்கூடியவை

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு ஏரியின் மதகு எட்டாது. ஆயினும் நம் கைக்கு எட்டும் நீர் உண்டு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வயலையோ சாக்கடையையோ தேடுவதில்லை; மாடித் தொட்டி, குளிர்விப்பான், பூந்தொட்டித் தட்டு ஆகியவற்றில் உள்ள தெளிந்த நீரே அதற்குப் பிடித்தமானது. ஏழு நாள் கணக்கை நினைவிற்கொண்டு, வாரத்தில் ஒரு நாளைக் குறித்து அன்று எல்லாவற்றையும் கவிழ்த்துத் துடைத்தல் வேண்டும். நம் குடியிருப்பு வளாகத்தில் கழிவுநீர்ப் படுகை இருக்குமானால், அதன் கரை, ஆழம், கோரை ஆகியவற்றைப் பற்றிச் சங்கக் கூட்டத்தில் கேட்பது நம் உரிமை.

உத்தரப் பிரதேசத்தின் கிழக்குப் பகுதியில் 2005-இல் மூளைக்காய்ச்சலுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பலியானதை அடுத்து, 2006 முதல் நோயுள்ள மாவட்டங்களில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டு வருகிறது. ஒன்பதாம் மாதத்தில் ஒன்றும், பதினாறிலிருந்து இருபத்து நான்கு மாதங்களுக்குள் மற்றொன்றுமாக இரு தவணைகள் அளிக்கப்படுகின்றன. சித்தூரை அடுத்த கோலாரில் பிரித்தெடுக்கப்பட்ட வைரஸிலிருந்து ஐதராபாத்தில் உருவாக்கப்பட்ட தடுப்பூசி 2013-இல் வெளிவந்தது. உத்தரப் பிரதேசம், பீகார், அஸ்ஸாம் முதலிய இடங்களுக்கு மாற்றலாகிச் செல்வோரும், மழைக்காலத்தில் குழந்தையுடன் கிராமத்தில் சில வாரம் தங்குவோரும், தடுப்பூசியைப் பற்றி மருத்துவரைக் கலந்துகொள்வது அறிவுடைமை. நடவுக் காலத்து அந்திப்பொழுதில் குழந்தைக்கு முழுக்கை உடை அணிவிப்பதும், இரவில் கொசுவலைக்குள் படுக்க வைப்பதும், பன்றிகள் வீட்டருகே அடையாமல் பார்த்துக்கொள்வதும் செலவற்ற பாதுகாப்புகள். தடுப்பூசி குழந்தையை மூளைக்காய்ச்சலினின்று காக்கும். மலேரியாவும் யானைக்காலும் டெங்குவும் அதற்குக் கட்டுப்படா. ஆதலால் நீரைக் கவனிக்கும் கடமை தடுப்பூசி வந்த பின்னும் தீரவில்லை.

நம் முன்னோர் ஏரிக்கு நீர்க்கட்டி என்று ஒருவரை அமர்த்தினர். எந்த நாள் எந்த வயலுக்கு எவ்வளவு நீர் என்பதை அவர் அறிவார். அவர் சொல்லுக்கு ஊர் கட்டுப்படும். வரத்துக்கால் தூர்ந்தால் ஊரார் கூடிக் குடிமராமத்துச் செய்தனர். அவர்கள் கொசுவை எண்ணி அதைச் செய்தவர் அல்லர். ஆனால் தூர் எடுத்த வாய்க்காலில் நீர் ஓடியது. களைந்த கரையில் புதர் இல்லை. முறைப்படி பாய்ந்த வயல் முறைப்படி காய்ந்தது. 1997-ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் ஆந்திரத்தில் உழவர்களே நீர்ப்பயன்படுத்துவோர் சங்கங்கள் அமைத்துப் பாசனத்தை நடத்தும் உரிமை பெற்றனர். அச்சங்கத்தின் கூட்டத்தில் ஊர்ச் சுகாதார ஊழியரும் அமர்ந்து, இந்த வாரம் எந்தப் பாத்தி காய வேண்டும் என்பதில் குழந்தைகளின் நலத்தையும் சேர்த்து யோசிப்பாரானால், பழைய ஏற்பாடு புதிய அறிவுடன் கூடியதாகும்.

அடுத்த முறை நாம் அந்த ரயிலில் செல்லும்போது, சாளரத்தின் வழியே ஏரியையும் வயலையும் கொக்கையும் நம் குழந்தைக்குக் காட்டுவோம். ஊருக்குச் சோறிடும் அந்த நீரைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அதை நாள் தவறாமல் கவனிக்க ஆள் வேண்டும் என்பதையும் குழந்தைக்குச் சொல்லி வைப்போம்.